பேச்சுப்போட்டி நாளில் ஒரு மணி நேரம் தாருங்கள்: லண்டன் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

உங்களிடம் சனிக்கிழமைகளில் வரும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளில் பலர் தங்கள் ஆங்கிலப் பள்ளியில் இரண்டாம் உலகப்போரைப் படித்திருப்பார்கள். படித்தார்கள் என்பதைவிட நடித்தார்கள் என்பதுதான் சரி. குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து ரயிலில் ஊர்ப்புறத்துக்கு அனுப்பப்பட்ட அந்தக் காலத்துப் பிள்ளைகளைப்போலப் பழைய கோட்டும் தொப்பியும் போட்டு, பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, நச்சுவாயு முகமூடி வைக்கும் மட்டைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போயிருப்பார்கள். அந்த உடைக்காக முதல்நாள் இரவு கடை கடையாக அலைந்த பெற்றோருக்கு விளக்கம் தேவையில்லை.

அதே கதையைத் தமிழில் நடிக்க விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் பேச்சுப்போட்டிகளில் பிள்ளைகள் யாரோ எழுதிக் கொடுத்ததை மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் அவ்வளவுதான், மேடையில் நின்றபடி அம்மாவைத் தேடுகிறார்கள். பொருளும் புதிது, மொழியும் புதிது என்றால் பிள்ளை என்ன செய்யும்? இந்தக் கதை அப்படியில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும், தமிழ்ச் சொற்கள்தான் வேண்டும். தெரிந்த கதையைச் சொல்லத் துடிக்கிற பிள்ளை சொல்லைத் தானாகவே கேட்டு வாங்கும்.

ஆனால் ரயில் நிலையத்தோடு நாடகத்தை முடித்துவிடாதீர்கள். ஆங்கிலப் பள்ளிகளிலும் பலமுறை அங்கேதான் முடிகிறது: கையசைப்பு, அழுகை, கைதட்டல். உண்மையில் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி, போர் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, நகரங்களிலிருந்து பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று நாளில் சுமார் 15 லட்சம் பேர் நகர்ந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள், அடுத்தபடியாகக் கைக்குழந்தைகளோடு தாய்மார். எங்கே போகிறோம் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்த பிறகு ஒரு தபால் அட்டை வரும். பல வகுப்புகள் ஆசிரியரோடு சேர்த்தே அனுப்பப்பட்டன. இந்த இடத்தை ஆசிரியர்களாகிய நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பல ஊர்களில் பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊரார் வந்து பார்த்துத் தெரிவு செய்தார்கள். பண்ணை வேலைக்கு உதவும் பையனுக்குக் கிராக்கி இருந்தது. அண்ணன் தங்கையைப் பிரித்து எடுத்தார்கள், கடைசிவரை யாரும் எடுக்காத பிள்ளைகளும் நின்றார்கள். வீட்டில் வைத்திருக்க அரசாங்கம் வாரக் காசு கொடுத்தது: ஒரு பிள்ளை என்றால் பத்து சிலிங் ஆறு பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் ஆளுக்கு எட்டு சிலிங் ஆறு பென்ஸ். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். காசுக்காக எடுத்தவரும் இருந்தார், பாசமாக வளர்த்தவரும் இருந்தார், சிலர் இரண்டும்தான்.

மண்டபக் காட்சியை நடுவில், எல்லோரும் சிலைபோல அசையாமல் நிற்க, நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையின் தோளையும் தொட்டு, இப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். ஒரு வரி போதும், பிழைத் தமிழாக இருந்தாலும் திருத்தாமல் விடுங்கள். அப்புறம் ஆசிரியர் ஒருவர் பிள்ளையை எடுத்த வீட்டுக்காரியாகக் கதிரையில் உட்காரட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். "ஏன் தங்கச்சியை விட்டுட்டு என்னை மட்டும் எடுத்தீங்க?" என்று கேட்க ஒரு பிள்ளைக்கு வாய் வந்தால், ஒரு தவணையின் பேச்சுத்தமிழ் அதில் வந்துவிடும்.

அடுத்து தாயின் பக்கம். குண்டு விழவில்லை, பிள்ளை இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. 1940 ஜனவரிக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். தாய் காதில் ஹிட்லர் 'கூட்டிக்கொண்டு போ' என்று கிசுகிசுப்பதுபோல அரசாங்கம் சுவரொட்டிகூட ஒட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி லண்டன்மீது பெருங்குண்டுவீச்சு தொடங்கியது. கூட்டி வருவதா, விட்டு வைப்பதா என்று பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து வாதாடவிட்டால் பட்டிமன்றத்துக்கு வேறு தலைப்பே தேட வேண்டாம்.

கடல் கடந்து போனவர்களும் உண்டு. கனடா நோக்கிப் போன 'சிற்றி ஒஃப் பெனாரஸ்' கப்பல் 1940 செப்டெம்பர் 17 இரவு தாக்கி மூழ்கடிக்கப்பட்டது. அரசாங்கத் திட்டத்தில் போன 90 பிள்ளைகளில் 77 பேர் இறந்தார்கள். மாலுமிகளில் பெரும்பகுதி இந்தியர்கள், அவர்களிலும் ஏராளமானோர் இறந்தார்கள். இதைச் சின்னப் பிள்ளைகளை நடிக்க வைக்க வேண்டாம். கதையாகச் சொல்லுங்கள், போதும்.

'வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதை நமக்கெதற்கு, நம்மிடம் இல்லாததா?' என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து கிளம்பி நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டுத் தென்மராட்சிக்குப் போனவர்கள் இன்று இங்கே பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டி வருகிறார்கள். அதை நேரே மேடையேற்றினால் பெரியவர்கள் அழுவார்கள், பிள்ளைகள் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். தூரத்துக் கதை ஒன்றில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, வீட்டுக்குப் போய் "அம்மம்மா, நீங்க எதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டீங்க?" என்று தானே கேட்கும். அம்மம்மா சொன்னால் சொல்லட்டும், விருப்பமில்லையென்றால் விட்டுவிட வேண்டும். அதை வீட்டுப்பாடமாக்கி மதிப்பெண் போடாதீர்கள். வகுப்பில் அண்மையில் நாட்டிலிருந்து வந்த பிள்ளை இருந்தால் 'நீ சொல்லு' என்று எழுப்பவும் வேண்டாம்.

இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் சிறுவர் அரங்கை வளர்த்தெடுத்தவர். அந்த வழியில் அரங்கப் பயிற்சி பெற்று வந்தவர்கள் உங்கள் பெற்றோரிடையேயே இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது பேச்சுப்போட்டி நாளின் பிற்பகலில் ஒரு மணி நேரம்தான். வாடகை கட்டிய மண்டபம் எப்படியும் மாலைவரை நம்மிடம் இருக்கும். ஒலிவாங்கி வேண்டாம், நடுவர் வேண்டாம், கேடயமும் வேண்டாம். பெற்றோரைச் சுற்றி உட்காரச் சொல்லுங்கள், கதிரைகளை அடுக்க நான் நிற்கிறேன்.

அன்புடன்,
ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா