'அவ இன்னைக்கும் வரல' என்றாயே

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் மேனேஜரைப் பற்றிச் சொன்னபோது "அவங்க வந்தாங்க, அவங்க சொன்னாங்க" என்றாய். வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றிப் பேச்சு வந்ததும் "அவ இன்னைக்கும் வரல" என்றாய். இருவரில் வயதில் மூத்தவர் யார் என்று உனக்குத் தெரியும்.

நீ வேண்டுமென்று சொல்லவில்லை. நானும் அப்படித்தானே பேசி உன்னை வளர்த்தேன், அதனால்தான் உறுத்துகிறது. நம் மொழியில் ஒருவரைப் பற்றி ஒரு வரி சொல்வதற்குள் அவர் நமக்கு மேலா கீழா என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. வினைச்சொல்லின் கடைசி எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். 'அர்' என்பது பலரைக் குறிக்கும் விகுதி. ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண முறை அல்ல என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அப்புறம் 'அவர்' போதாமல் 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றோம். யாருக்கு அந்த மரியாதை, யாருக்கு இல்லை என்பதெல்லாம் பேசுகிற நாம் செய்த முடிவு.

சின்ன வயதில் நீ அப்பாவை 'வாங்க' என்பாய், என்னை 'வா' என்பாய். அதை மாற்றச் சொல்லவில்லை. அந்த 'வா'வில் உரிமை இருந்தது, எனக்குப் பிடிக்கும். நானும் உன்னை 'வா' என்றுதான் கூப்பிட்டேன். வீட்டு வேலைக்கு வரும் அந்த அம்மா உன்னை அப்படித் திருப்பிக் கூப்பிட முடியுமா?

அப்பா போன பிறகு ஒரு படிவத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'விதவை' என்று எழுதினார்கள். மனைவியை இழந்தவருக்கு அப்படி ஒரு சொல் இன்று யார் வாயிலும் வருவதில்லை. தொல்காப்பியத்தில் இரண்டுமே உண்டு: கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலை, மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலை. ஆணுக்கானதை வசதியாக மறந்துவிட்டோம்.

மாற்றவும் முடிகிறது. 'கற்பழிப்பு' என்று செய்தி எழுதிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. அவன் செய்த குற்றத்தை அவள் இழந்த ஏதோ ஒன்றாகச் சொன்ன சொல் அது. இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதே கண் அவன் பக்கம் திரும்புகிறது.

பேத்தி இப்போதுதான் பேசப் பழகுகிறாள். நீ சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்வாள். சரி, அந்த அம்மாவின் பெயர் என்ன? அடுத்த முறை கூப்பிடும்போது சொல்.

அன்புடன்,
அம்மா