ஊசி போடும் கிருமி

அன்புள்ள மாலதி,

நீ திட்டுவதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன், இத்தனை நாள் எழுதாததற்குச் சரியான சாக்கு கிடையாது. தம்பிக்கு டைபாய்டு வந்தது என்பது கடைசிச் சில வாரங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். முதலில் கொடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் அசையவே இல்லை. மருந்தை மாற்றிய பிறகுதான் இறங்கியது. இப்போது படுத்தபடியே எல்லோரையும் அதிகாரம் செய்கிறான், அதனால் தேறிவிட்டான் என்று வைத்துக்கொள்.

அவன் தூங்கும் நேரத்தில் டைபாய்டைத் தரும் சால்மொனெல்லா என்ற கிருமியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்புறம் விட முடியவில்லை. இதைக் கேட்டுத் தலையாட்ட இங்கே ஆள் இல்லை, நீதான் மாட்டிக்கொண்டாய்.

கிருமி நச்சை வெளியே விடுகிறது, நாம் நோயில் விழுகிறோம் என்று ஒரே வரியில் எழுதி மார்க் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? இந்தக் கிருமி அதோடு நிற்பதில்லை. தன் புரதங்களை நேராக நம் செல்லுக்குள் ஏற்ற அதன் உடலில் ஊசிகள் இருக்கின்றன, நிஜமான ஊசிகள். 1998இல் குபோரி, காலன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் அவற்றைப் பிரித்தெடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். அடியில் வளையங்கள், மேலே சுமார் 50 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு குழல். ஒரு மில்லிமீட்டருக்குள் அப்படி 20,000 குழல்களை முனையோடு முனை தொட நீளவாக்கில் அடுக்கலாம். நடுவில் உள்ள துளையோ 2 நானோமீட்டர் அளவுதான். மடிந்து உருண்டிருக்கும் புரதம் அதில் நுழையாது. அதனால் கிருமி அதன் மடிப்பைப் பிரித்து, நூல் மாதிரி உள்ளே செலுத்துகிறது. நம் செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் புரதம் மறுபடி மடிந்து வேலைக்குத் தயாராகிவிடுகிறது!

அதுவும் என்ன வேலை தெரியுமா? டைபாய்டு கிருமியின் நெருங்கிய உறவான டைஃபிமூரியம் என்ற சால்மொனெல்லா வகையில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். உள்ளே போகும் புரதங்களில் சோப்-ஈ என்று ஒன்று. நம் செல்லின் வடிவத்தை நிர்வகிக்கும் சுவிட்சுகளை அது போட்டுவிடுகிறது. உடனே செல்லின் சவ்வு பொங்கி எழுந்து கிருமியைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிருமி எதையும் உடைக்கவில்லை. நம் செல்லே அதை வாரி எடுத்துக்கொள்கிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதற்கு அடுத்த கட்டம். அதே ஊசி வழியாக எஸ்பிடிபி என்ற இன்னொரு புரதமும் போகிறது. அதன் வேலை போட்ட சுவிட்சை அணைப்பது. இரண்டும் சேர்ந்து போனால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடாதா என்று நீ கேட்பாய். 2003இல் விடை கிடைத்தது. நம் செல்லுக்குள் இருக்கும் குப்பை அகற்றும் அமைப்பு சோப்-ஈயைச் சீக்கிரம் நொறுக்கிவிடுகிறது, எஸ்பிடிபி அதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது. ஆக, முதலில் கலவரம், பிறகு அமைதி. காரியம் முடிந்ததும் செல்லின் வடிவம் பழையபடி. கணக்குப் போட மூளையே இல்லாத ஒன்றுக்கு இப்படி ஒரு நேரக் கணக்கு!

ஈ.கோலை என்ற குடல் கிருமியில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் வகை ஒன்று இதற்கும் ஒரு படி மேல். ஒட்டிக்கொள்ள நம் செல்லில் தனக்கு ஏற்ற பிடி வேண்டுமே, அந்தப் பிடியையும் அதுவே ஊசி வழியாக அனுப்பி, செல்லின் மேற்பரப்பில் நட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. தன் பாய் தலையணையோடு நம் அறைக்கு வந்து இறங்குவாளே வசந்தி, அவளேதான். அந்தப் பிடியை மனித செல்லின் புரதம் என்றுதான் ஆய்வாளர்களும் நினைத்திருந்தார்கள். கிருமியின் சொந்தச் சரக்கு என்பது 1997இல்தான் தெரிந்தது.

நம் செல் ஒன்றும் அவ்வளவு அப்பாவி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பயந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பாய். கிருமியின் ஊசி எந்தப் புரதத்தால் ஆனதோ அது கொஞ்சம் உள்ளே கசிந்தால் போதும், அதை அடையாளம் காணும் காவல் புரதங்கள் இருக்கின்றன. எச்சரிக்கை கொடுத்துவிட்டு அந்தச் செல் வெடித்துச் செத்துப்போகிறது. கிருமிக்கு ஒளிய இடம் இல்லாமல் போகிறது.

விளையாட்டு போதும் மாலதி. அந்த முதல் மாத்திரை வேலை செய்யாத இரவுகளில் நான் நிஜமாகவே பயந்துபோனேன். கிருமியைக் கொல்லும் மருந்து ஒவ்வொன்றுக்கும் அது தப்பிக்க வழி கண்டுபிடிக்கிறது. அதனால் கொல்லாமல் ஊசியை மட்டும் அடைக்கலாமா என்று பலர் முயன்றுவருகிறார்கள். ஊசி அடைந்த கிருமி செத்துப்போகாது. அதனால் மருந்தை எதிர்த்துப் பிழைக்கவேண்டிய நெருக்கடி அதற்குக் குறைவு என்பது அவர்கள் வாதம். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட கிருமியை என்ன செய்வது என்று நீ மடக்குவாய், தெரியும். உள்ளே போன சால்மொனெல்லா வேறொரு ஊசித் தொகுதியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. அப்படியானால் இரண்டையும் அடைக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் சில மூலக்கூறுகள் நன்றாகவே செய்கின்றன, நோயாளியின் கைக்கு மாத்திரையாக வருவதுதான் பாக்கி. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. நீ வேதியியல் படித்தவள், 2 நானோமீட்டர் துளையை அடைப்பது அவ்வளவு கஷ்டமா, சொல்லு.

அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்ததா? வசந்தியிடம் நான் எழுதியதைக் காட்டாதே, சண்டைக்கு வருவாள். பதிலை நீளமாக எழுது, நலம் நலமறிய ஆவல் என்று நான்கு வரியில் முடித்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
சுமதி