15 இஞ்ச் பேஸ் கேபினட்: தவறான அளவு அட்டவணை, மறுக்கப்பட்ட வாரண்டி குறித்துப் புகார்

அனுப்புநர்: மெல்லிசைக் குழு பேஸ் கிதார் கலைஞர், பாளையங்கோட்டை.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

நாள்: 18.09.2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மே 11ஆம் தேதி உங்கள் ஷோரூமில் 15 இஞ்ச் பேஸ் கேபினட் (15 இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த, பேஸ் கிதாருக்கான ஒலிப்பெட்டி) ஒன்றை 38,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்றே மாதத்தில், ஆடிக் கொடை ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது அதன் ஸ்பீக்கர் போய்விட்டது. ஒரு வருட வாரண்டி இருக்கிறது. ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டர், "அதிக பவர் கொடுத்ததால் ஏற்பட்ட பழுது, பயனரின் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தச் சீட்டில் இருப்பது உண்மையல்ல. அதைவிட, இந்தக் கேபினட்டை நான் எதை நம்பி வாங்கினேனோ அதுவும் உண்மையல்ல. இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

22 வருடமாக பேஸ் வாசிக்கிறேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று வண்டி ஓடுகிறது. ஒன்பது வருடமாக என்னிடம் வேறொரு கம்பெனியின் 4×10 கேபினட் இருக்கிறது. ஒரு பெட்டியில் நான்கு பத்து இஞ்ச் ஸ்பீக்கர். அது இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. போன வருடம் ஐந்து கம்பி பேஸுக்கு மாறினேன். திறந்த மைதானத்தில் அதன் மிகத் தாழ்ந்த ஸ்வரம் தரும் லோ பி கம்பியைத் தட்டினால் சத்தம் மெலிந்துபோனது. சரி, இன்னொரு பெட்டி சேர்க்கலாம் என்றுதான் உங்கள் ஷோரூமுக்கு வந்தேன். இன்னொரு 4×10 வாங்குவதா, வேறு ஏதாவது வாங்குவதா என்பதே என் கேள்வி.

விற்பனையாளர் தம்பி உங்கள் கேட்டலாக்கைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். 10 இஞ்ச் என்றால் துடிப்பு, 12 இஞ்ச் என்றால் சமநிலை, 15 இஞ்ச் என்றால் அடி ஆழம் என்று அதில் படம் போட்ட அட்டவணை. அதற்குக் கீழே, 4×10 வைத்திருப்பவர்கள் ஒரு 15 சேர்த்தால் "குறைந்த ஸ்வரங்கள் முழுமையாகும்" என்று ஒரு பரிந்துரை. கேபினட்டின் விவரத்தில் "30 ஹெர்ட்ஸ் முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை" என்று அச்சாகியிருந்தது. லோ பி கம்பியின் அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ். நான் தேடி வந்த எண் கண்முன்னே இருந்தது, வாங்கிவிட்டேன். அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் அச்சடித்ததைத்தான் அவர் வாசித்துக் காட்டினார்.

முதல் இரண்டு நிகழ்ச்சிகள் மண்டபத்துக்குள். சுவர் இருக்கும் இடத்தில் அடிச்சத்தம் தானாகவே கூடிக்கொள்ளும் என்பதால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கொடை நடந்தது ஊருக்கு வெளியே திறந்த மைதானம். லோ பி வரும் இடத்திலெல்லாம் ஸ்வரத்துக்குப் பதிலாகப் படபடவென்று காகிதம் அடிப்பது போலக் கேட்டது. ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) பேஸ் குமிழைக் குறைத்தேன், வால்யூமையும் இறக்கினேன். ஆம்ப் திணறினால் எரியும் கிளிப் விளக்கு அன்று இரவு ஒருமுறைகூட எரியவில்லை. நள்ளிரவு தாண்டி ஒரு பாட்டின் நடுவில் உரசல் சத்தம் ஆரம்பித்தது, அதோடு 15 நின்றுபோனது. மீதி இரண்டு மணி நேரக் கச்சேரியைப் பழைய 4×10தான் தனியாகத் தாங்கியது.

இப்போது உங்கள் சர்வீஸ் சீட்டுக்கு வருகிறேன். என் ஆம்ப் 4 ஓமில் 500 வாட்ஸ் தருவது. இரண்டு கேபினட்டும் 8 ஓம், இணையாக இணைத்தால் 4 ஓம். பவர் சரிபாதியாகப் பிரியும், ஆகவே உங்கள் கேபினட்டுக்குப் போகக்கூடியது அதிகபட்சம் 250 வாட்ஸ். அதன் பின்பக்கம் நீங்களே ஒட்டியிருக்கும் லேபிளில் 300 வாட்ஸ் என்று இருக்கிறது. ஆம்பை முழுக்கத் திருகியிருந்தாலும் உங்கள் வரம்புக்குள்தான் இருந்திருப்பேன். அதிக பவர் எங்கிருந்து வந்தது?

உங்கள் டெக்னீஷியன் என் எதிரிலேயே ஸ்பீக்கரைக் கழற்றிப் பிரித்தார். ஸ்பீக்கரின் கூம்பை (கோன்) அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில், அதிக பவரால் போனால் கருகியிருக்கும், எரிந்த வாடை அடிக்கும். இதில் காயில் கம்பி புதுச் செம்பு நிறத்தில் அப்படியே இருந்தது. கோனைப் பின்னால் நடுவில் பிடித்து வைக்கும் ஸ்பைடர்தான் ஒட்டு விட்டு வந்திருந்தது, அதனால் காயில் சாய்ந்து காந்த இடைவெளியில் உரசியிருந்தது. அதாவது கோன் போகக்கூடாத தூரத்துக்கு முன்னும் பின்னும் போயிருக்கிறது. சூடேறிப் போன ஸ்பீக்கர் இல்லை இது, அளவுக்கு மீறி அசைந்து போன ஸ்பீக்கர். படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவரும் பார்த்தார், ஆனால் சீட்டில் வேறு மாதிரி எழுதப்பட்டுவிட்டது.

250 வாட்ஸுக்குள்ளேயே ஏன் அப்படி அசைந்தது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து ஊர் தேவாலயத்தில் இதே மாடல் இருக்கிறது. அனுமதி கேட்டு, சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நண்பரையும் கூட்டிக்கொண்டு போனேன். மிகக் குறைந்த வால்யூமில் ஒற்றை அதிர்வெண்ணாக அனுப்பி, கோனைக் கவனித்தோம். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியில், அது ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணில் கோன் ஏறக்குறைய நின்றுவிடும், அந்த இடத்தில் போர்ட்டின் காற்றுதான் சத்தம் போடும். உங்கள் பெட்டியில் அது 52 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்தது. அதற்குக் கீழே இறங்க இறங்க கோன் தளர்ந்து ஆடியது. ட்யூனிங்குக்குக் கீழே பெட்டிக் காற்று கோனுக்கு ஸ்பிரிங்காக இருப்பதில்லை. காற்று போர்ட் வழியே சும்மா போய்வருவதால் கோன் கட்டவிழ்த்த மாடு போல ஆகிவிடும், சத்தமோ வராது. அந்த நிலையில் லேபிளில் போட்ட வாட்ஸில் பாதிகூட வேண்டாம், கோன் தன் எல்லையைத் தாண்டிவிடும்.

52 ஹெர்ட்ஸ் என்றால் என்ன அர்த்தம்? லோ பி 31 ஹெர்ட்ஸை விடுங்கள், சாதாரண நான்கு கம்பி பேஸின் ஈ கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான். அதுவே உங்கள் பெட்டியின் ட்யூனிங்குக்குக் கீழே இருக்கிறது. பேஸுக்கென்று விற்கும் ஒரு பெட்டியில், "இதற்குக் கீழே வாசித்தால் ஹைபாஸ் ஃபில்டர் (அடி அதிர்வுகளைத் தடுக்கும் வடிகட்டி) போடுங்கள்" என்று ஒரு வரியாவது இருக்க வேண்டாமா? அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் ஸ்பீக்கர் இன்று உயிரோடு இருந்திருக்கும்.

"30 ஹெர்ட்ஸ் முதல்" என்பதில் சத்தம் எத்தனை டெசிபல் (சத்த அளவின் அலகு) குறைந்து 30 என்று நீங்கள் சொல்லவில்லை. டெசிபல் சொல்லாத அதிர்வெண் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, எந்த ஸ்பீக்கரிலும் 30 ஹெர்ட்ஸில் ஏதோ ஒரு முனகல் வரத்தான் செய்யும். ஆம்பெக் கம்பெனியின் புகழ்பெற்ற 8×10 கேபினட்டின் விவரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று டெசிபல் குறையும் இடம் 58 ஹெர்ட்ஸ், பத்து டெசிபல் குறையும் இடம் 40 ஹெர்ட்ஸ் என்று ஒளிக்காமல் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பெட்டியே ஈ கம்பியின் அடி அதிர்வை முழுதாகத் தருவதில்லை. 82, 123 ஹெர்ட்ஸில் வரும் மேல் அதிர்வுகளைக் கேட்டு, அடியில் உள்ளதை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. உண்மையைச் சொன்னதால் அந்தப் பெட்டிக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை.

அந்த அட்டவணைதான் எனக்கு எல்லாவற்றையும்விட வேதனை தருவது. ஸ்பீக்கரின் விட்டம் பெரிதானால் சத்தம் ஆழத்துக்குப் போகும் என்பது பேஸ் வாசிப்பவர்களிடம் பல காலமாகச் சுற்றிவரும் நம்பிக்கை. அதை ஒரு கம்பெனியே அச்சடித்துக் கொடுப்பது வேறு விஷயம். அடி ஆழத்தை முடிவு செய்வது ஸ்பீக்கரின் குணமும் பெட்டியின் கொள்ளளவும் போர்ட் ட்யூனிங்கும் சேர்ந்துதான். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் ஆகிய இருவரும் ஆஸ்திரேலியாவில் 1960கள், 70களில் இதற்கான கணக்கையே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள், இன்று ஸ்பீக்கர் செய்யும் எல்லோரும் அதை வைத்துத்தான் பெட்டி போடுகிறார்கள். நன்றாகச் செய்த பத்து இஞ்ச் பெட்டி, சுமாராகச் செய்த பதினைந்தைவிட ஆழமாகப் போகும்.

ஃபெண்டர் கம்பெனி 1952இல் பாஸ்மேன் ஆம்பை ஒரே ஒரு 15 இஞ்ச் ஸ்பீக்கரோடு கொண்டுவந்தது. 1954இன் கடைசியிலேயே அதை நான்கு பத்து இஞ்ச்சாக மாற்றியது. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. ஆம்ப், எட்டு பத்து இஞ்ச் கொண்ட மூடிய பெட்டிகளை வைத்துத்தான் பெரிய பெரிய மேடைகளை அதிர வைத்தது. பத்துக்கு ஆழம் வராது என்றால் இது எப்படி நடந்தது? பதினைந்தை நான் குறை சொல்லவில்லை. அதே ஆம்பெக் 1960இல் கொண்டுவந்த பி-15, ஒற்றை 15 இஞ்ச்தான், புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அதில். இன்னொரு பேஸ் மேதை ஜாக்கோ பஸ்டோரியஸின் அக்கூஸ்டிக் 360 ஆம்பில் இருந்தது 18 இஞ்ச். எந்த அளவிலும் நல்ல பேஸ் கேபினட் உண்டு. அளவை மட்டும் வைத்து, இது எதற்கு என்று பெயர் ஒட்டுவதுதான் தவறு.

உங்கள் கேட்டலாக் இன்னொன்றும் சொல்கிறது: ஒரே ஆள் தூக்கலாம், சத்தம் அதிகம், ஆழம் அதிகம். டாடா ஏஸில் ஏற்றி இறக்குகிறவன் நான், எடை குறைவு என்றதும் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் சின்னப் பெட்டி, அதிக சத்தம், அடி ஆழம் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று ஸ்பீக்கர் துறையில் ஹாஃப்மன் விதி என்றே ஒன்று இருக்கிறது. மூன்றும் தருகிறேன் என்று சொல்பவர் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்.

அப்புறம் அந்த "4×10ஓடு ஒரு 15" பரிந்துரை. நான் மேலே போட்ட கணக்கையே பாருங்கள். 4×10க்குப் போகும் 250 வாட்ஸை நான்கு ஸ்பீக்கர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, தலைக்கு 62 சொச்சம். உங்கள் 15 மட்டும் தனியாளாக 250ஐச் சுமக்கிறது. கோன் பரப்பிலோ பத்து இஞ்ச் ஒன்றுக்குச் சுமார் 350 சதுர சென்டிமீட்டர், நான்குக்கு 1,400. பதினைந்துக்கு ஏறக்குறைய 850தான். ஒரே அளவு சத்தத்தில் ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கினால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலையை, இரண்டில் குறைந்த பரப்புள்ள பெட்டியின் தலையில் நீங்கள் கட்டச் சொல்கிறீர்கள். எது முதலில் போகும் என்று உங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கு அன்று யாராவது "அதே மாதிரி இன்னொரு 4×10 வாங்குங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்குங்கள்" என்று சொல்லியிருந்தால் என் குறை அதோடு தீர்ந்திருக்கும்.

எனக்கு ஒரு கச்சேரி போனது, பணம் போனது, சமாளித்துவிடுவேன். ஆனால் எங்கள் குழுவில் 19 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், நகைக்கடன் வாங்கி முதல் கேபினட் எடுக்கப் போகிறான். அவன் கையிலும் உங்கள் கேட்டலாக்தான் இருக்கிறது, அதே பக்கம்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது: கேபினட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 38,500 ரூபாயை முழுவதுமாகத் தர வேண்டும். ஸ்பீக்கரை மட்டும் மாற்றித் தருவதில் பயனில்லை, அதே பெட்டியில் அதுவும் போய்விடும். சர்வீஸ் சீட்டில் "பயனரின் தவறு" என்பதை ரத்து செய்து எழுத்தில் தர வேண்டும். கேட்டலாக்கிலிருந்து அந்த அட்டவணையையும் பரிந்துரையையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கேபினட்டுக்கும் மூன்று டெசிபல், பத்து டெசிபல் குறையும் இடங்கள், ட்யூனிங் அதிர்வெண், கோன் எவ்வளவு தூரம் அசையலாம் என்பது, போட வேண்டிய ஹைபாஸ் ஃபில்டர் ஆகியவற்றை அச்சிட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையைப் பணத்துக்குச் சமமாகவே வைக்கிறேன். பணத்தைத் தந்துவிட்டு அதை மறந்துவிட வேண்டாம்.

கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அங்கே போகாமல் முடிந்தால் எனக்கும் நல்லது.

பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும், பிரித்த ஸ்பீக்கரின் படங்களையும், தேவாலயத்தில் அளந்து குறித்த தாளையும் இணைத்திருக்கிறேன். கேபினட் என் வீட்டு முன்னறையில் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. ஆள் அனுப்புவதாக இருந்தால் செவ்வாய், புதன் கிழமைகளில் அனுப்புங்கள், மற்ற நாட்களில் நான் கச்சேரியில் இருப்பேன். உங்கள் இன்ஜினியர் ஒருவரும் கூட வந்தால் நல்லது. என் 4×10ஐப் பக்கத்தில் வைத்து, லோ பி கம்பியை அவருக்கு வாசித்தே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்