நம்ம மெக்கானிக் மனு போட்டுவிட்டான்

எண்ணூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பேத்தியைப் பார்க்கக் கட்டாயம் வருகிறோம், ஆனால் தேர்தல் முடிந்த பிறகுதான்.

காரணம் நம்ம மெக்கானிக், படகும் வலையும் வைத்திருக்கிறானே, அவன்தான். திருவொற்றியூர் தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறான். வெள்ளிக்கிழமை மனுத் தாக்கல் முடிந்தது. முதலில் சொன்னபோது நான் தடுத்தேன். "செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்ப வரும், 10,000 ரூபாய் போய்விடும்டா" என்றேன். "2023 டிசம்பர்ல போனதை விடவா?" என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வந்து ஆற்று முகத்துவாரம் முழுக்கப் படிந்ததே, அப்போது வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்து அவனுக்கு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. அப்படியும் அந்த வலை உதவவில்லை. படகின் வெளிப்பக்கத்தில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேரும் இதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண் தப்பினால் பரிசீலனையில் மனுவே அடிபடலாம். வாக்காளர் பட்டியலை விரித்து வைத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி நான்தான் சரிபார்த்தேன். பத்தாவது ஆளாக இறால் விற்கும் ஆயா வந்தார். அவருக்குக் கைநாட்டுதான். அதை அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும் என்றதும் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கட்டைவிரலில் மை தடவுவதற்கு முன் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். நண்பா, அதைப் பார்த்த பிறகு இந்த வேலையை அரைமனதோடு செய்ய என்னால் முடியாது.

நோட்டீஸை மூன்று தடவை கிழித்து எழுதினோம். முதலில் தெருவிளக்கு, குப்பை வண்டி என்றெல்லாம் எழுதியிருந்தான். அது கவுன்சிலர் வேலை. எம்.எல்.ஏ. என்றால் சட்டசபையில் கேள்வி கேட்கலாம், துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று சொல்லலாம். அதை வைத்துத் திரும்ப எழுதினோம். கொசஸ்தலை ஆற்றில் படிந்த அனல்மின் சாம்பலை எந்தத் தேதிக்குள் எடுப்பீர்கள் என்று சபையில் கேட்பான். பள்ளிக்கூட வாசலில் அன்றன்றைய காற்று எப்படி என்று பலகையில் எழுதிப் போட வைப்பான். 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தடைக்காலத்துக்குள்ளேயே கைக்கு வர வேண்டும், ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பேசுவான். "துறைமுகத்தில் வேலை வாங்கித் தருவேன்" என்ற வரியில்தான் இரவு ஒரு மணி வரை சண்டை. அது மத்திய அரசு கையில் இருக்கிறது, உன்னால் எப்படி முடியும் என்றேன். கடைசியில் "வேலை கேட்பேன்" என்று அவனே திருத்தினான்.

ஜெயிப்பானா என்று கேட்பாய். கஷ்டம்தான். ஆர்.கே. நகரில் பணப் பட்டுவாடாவால் 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள், நமக்குத் தெரியாததா? போன வாரம் ஒரு வீட்டில் "நீங்க எவ்வளவு?" என்றுதான் முதல் கேள்வி. இவன் ஒன்றும் சொல்லாமல் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டு மோட்டார் சத்தம் சரியில்லை என்று உட்கார்ந்து பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தான். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று நான் கண்டித்தேன், அவன் கேட்கவில்லை.

சரி, உன்னிடம் ஒரு உதவி. தேர்தல் செலவுக் கணக்குக்கு ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. பிரசாரம் முடிவதற்குள் மூன்று முறை காட்ட வேண்டும், முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். 40 லட்சம் வரை செலவு செய்யலாமாம், இவனிடம் ஒரு லட்சம்கூட இல்லை. ஆனாலும் டீக்கணக்கு வரைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்கிறான். கணக்கு எனக்கு வராது, உனக்குத் தெரியும். பேங்கில் அத்தனை வருஷம் லெட்ஜர் பார்த்தவன் நீ. குழந்தைக்குப் பேர் வைத்ததும் ஒரு வாரம் வந்து போ. மெட்ரோ இப்போது விம்கோ நகர் வரை வருகிறது. போன் செய், ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்கிறேன்.

உன் நண்பன்