மார்ட்டின் சாமி வீட்டுக்கு வந்திருக்கிறார்

நிபோங் திபால்,
நவம்பர் 4.

அன்புள்ள டிஞ்சர்,

உன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நான் போட்டதுதான் கடைசிக் கடிதம். அதற்குப் பிறகு நீ இரண்டு எழுதிவிட்டாய், இரண்டுக்கும் பதில் இல்லை. கோபமிருந்தால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சிக்குக் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததா? ஜூலையில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போனபோது அவள் பேரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இங்கே எல்லாரும் சுகம். எனக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. பேரனுக்குப் பல் முளைக்கிறது, கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. நம் தோட்டத்துக் கோயிலை இடிக்கப் போகிறார்கள்.

நிலத்தை வீடு கட்ட விற்றாகிவிட்டது. தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் எப்போதோ போய்விட்டது, நீயும் பார்த்தாய். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இப்போது மண் லாரி நிற்கிறது. கல்லறைத் திருநாளுக்குப் புல் வெட்டப் போனபோதுதான் ஃபாதர் சொன்னார், மாதக் கடைசிக்குள் சுரூபங்களை எடுத்துவிட வேண்டும் என்று. வயிற்றைப் பிசைந்தது. அம்மா கல்லறை மேட்டில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் இறக்கிப் பாயில் நிறுத்தியிருந்தார்கள். மாதா டவுன் கோயிலுக்கு. செபஸ்தியாரைப் பழைய கங்காணி வீட்டுப் பேரன்மார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தோணியாருக்கு மூன்று வீட்டுக்காரர்கள் போட்டி, சத்தமே வந்துவிட்டது. மார்ட்டின் தெ போரஸ் மட்டும் கையில் துடைப்பத்தோடு ஓரமாக நின்றார், கேட்க ஆளில்லை. ஒரு சின்னப்பெண், "இது எந்த நாட்டுச் சாமி அங்கிள், நம்ம தாத்தா மாதிரியே இருக்காரே" என்றது. எனக்குப் பேச்சு வரவில்லை. கஞ்சில் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறார். (அவர் காலடியில் இருந்த எலி இல்லை. அது எங்கே என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். பேத்தி கேட்கிறாள், என்ன சொல்ல?)

டிஞ்சர், நீ ஒருநாள் அந்தக் கோயிலில் நின்று சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? நமக்குப் பத்தொன்பது வயதிருக்கும். சங்கத்து வகுப்புக்குப் போய்வந்த சூட்டோடு இருந்தாய். அம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மார்ட்டினைக் காட்டி, "இது நமக்கு வேண்டாத சாமிடா. கறுப்பன் கையில வெளக்கமாத்தைக் கொடுத்து, இப்படியே இருந்தா மோட்சம்னு சொல்ற சாமி. துரைமார்க்கு வசதியான சாமி" என்றாய். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் ஈரம், பார்த்து நட" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு உனக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி கூட்டுகிறவள் மகன் நான். அதே ஆஸ்பத்திரியில் மருந்து போடுகிற டிரெசர் மகன் நீ சொன்னது எனக்கு எங்கே போய்க் குத்தியது என்பதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், இறங்கிவிட்டது.

இந்த இரண்டு நாளாக அவரைப் பற்றித்தான் படிக்கிறேன். தூக்கம் போய்விட்டது.

1579 டிசம்பர் 9ஆம் தேதி பெரு நாட்டு லீமாவில் பிறந்திருக்கிறார். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு லீமா ரோஸ் என்று பேர் வைக்கிறார்களே, அந்த லீமாதான். அந்தப் புனித ரோசம்மாளுக்கும் இவருக்கும் ஞானஸ்நானம் ஒரே கோயிலில். அப்பா ஸ்பெயின்காரப் பிரபு. அம்மா ஆனா, அடிமையாக இருந்து விடுதலையானவர், கறுப்பினத்தவர். பிள்ளை அம்மா நிறத்தில் பிறந்ததும் அப்பா ஒதுங்கிக்கொண்டார். ஞானஸ்நானப் பதிவேட்டில் 'தகப்பன் பேர் தெரியாது' என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு ஒரு காலத்தில் அந்த அப்பா பிள்ளை என்று ஒத்துக்கொண்டார், ஆனால் எழுதினது எழுதினதுதானே. நம் லயத்தில் இப்படிப் பேர் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் 'தகப்பன் பேர்?' என்று எல்லார் முன்னாலும் கேட்பாரே.

பன்னிரண்டு வயதில் ஒரு நாவிதரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து நாவிதர் முடி மட்டுமா வெட்டினார்? புண்ணுக்குக் கட்டுவார், பல் பிடுங்குவார், எலும்பு கூட்டுவார், ரத்தம் எடுப்பார், பச்சிலை அரைப்பார். படிக்கப் படிக்க எனக்கு உங்கப்பா முகம்தான் வந்தது. தோட்டத்து டிரெசர் வேலைதான் அது, வேறென்ன?

பதினைந்து வயதில் சாமிநாதர் (டொமினிக்) சபை மடத்துக் கதவைத் தட்டினார். பெருவில் அப்போது சட்டம், கறுப்பினத்தாரும் செவ்விந்தியரும் சபையில் முழுத் துறவியாக முடியாது. வேலைக்காரராகத்தான் உள்ளே போனார். துணி துவைத்தார், சமைத்தார், துறவிகளுக்கு முடி வெட்டினார், மடம் முழுக்கக் கூட்டினார். ஸ்பானிய மொழிக்காரர்கள் இன்றைக்கும் அவரை 'துடைப்பச் சகோதரர்' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்களாம். பல வருஷம் கழித்து, 1603இல், அந்தச் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு துறவற வார்த்தைப்பாடு கொடுக்க விட்டார்கள்.

இதுவரை நீ சொன்னது சரி மாதிரித்தான் இருக்கும். இனிமேல் கேள்.

மடத்து நோயாளிகளைப் பார்க்கிற பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவர் மடத்தோடு நிற்கவில்லை. தெருவில் கிடந்த அடிமைகள், செவ்விந்தியர், பிச்சைக்காரர், யாரானாலும் தூக்கி வந்து மருந்து போட்டார். தொற்றுநோய் வந்த நேரம், வெளியாட்களை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று மேலிடம் தடை போட்டது. ஒருநாள் கத்திக்குத்துப் பட்டு ரத்தம் கொட்ட வாசலில் கிடந்த ஒருவரைத் தம் அறைக்கே தூக்கிப் போய்க் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். மடத்து அதிபர் கூப்பிட்டுக் கண்டித்தார். அதற்கு மார்ட்டின் சொன்னதாகச் சொல்கிறார்கள்: "என் தப்பை மன்னித்து எனக்குப் புத்தி சொல்லுங்கள் சாமி. பிறரன்புக் கட்டளையைவிடக் கீழ்ப்படிதல் கட்டளை பெரியது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று."

இதை நான் மூன்று தரம் படித்தேன். டேய், இதைத் துரைக்கு வசதியான பேச்சு என்று யாராவது சொல்ல முடியுமா? குரலை உயர்த்தவில்லை, கும்பிட்டுக்கொண்டேதான் பேசுகிறார். ஆனால் அதிபரிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் இஷ்டப்படி விட்டுவிட்டார்கள்.

படித்ததும் எனக்கு ஒரு ராத்திரி வந்து நின்றது. கான்ட்ராக்ட் பொம்பளை ஒருத்தி, சுவர் இடிந்து கால் கிழிந்து வந்தாளே. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பேர் இல்லாதவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா அவளை நம் வீட்டுக்குள் இழுத்துப் பாயில் படுக்கவைத்தார். நீயும் நானும் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உங்கப்பா பின்பக்கமாக, சாக்கால் தலையை மூடிக்கொண்டு மழையில் வந்தார். துரைக்குத் தெரிந்தால் வேலை போயிருக்கும், குவார்ட்டர்ஸ் போயிருக்கும், நீங்கள் ஐந்து பிள்ளைகளும் தெருவுக்கு வந்திருப்பீர்கள். தையல் போட்டு முடித்ததும் அம்மா கொடுத்த கோப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். ஆனால் அந்த மழையில் வந்தாரே.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, உன்னிடம் மறைக்கப் பிரியமில்லை. மடம் கடனில் மூழ்கிய சமயம், அதிபர் சாமான்களை விற்கப் போகிறார். மார்ட்டின் பின்னாலேயே ஓடி, "நான் வெறும் கலப்பினத்தான், மடத்துச் சொத்து, என்னை விற்றுக் கடனை அடையுங்கள்" என்கிறார். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அடிமையாக இருந்த தாயின் மகன் வாயில் இந்தச் சொல்லா? நீ சொன்னதுதான் கடைசியில் சரியோ என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எதிரே அவர் நிற்கிறார். பிறகு யோசித்தேன். தாய் விடுதலையான பிறகு பிறந்தவர் அவர், சுதந்திரமானவர். விற்க யாருக்கும் உரிமையில்லாத உடம்பு அது. தன் அம்மா எதிலிருந்து தப்பி வந்தாரோ அதற்குள் இன்னொருவருக்காகத் தானே போகிறேன் என்றவரை நான் கோழை என்று சொல்லமாட்டேன். அதிபரே மனம் கலங்கித் திருப்பி அனுப்பினாராம். ஆனாலும் டிஞ்சர், அந்தச் சொல் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லவைத்த ஊரின் மேல்தான் கோபம் வருகிறது.

அந்த ஊர் எவ்வளவு மெதுவாகத் திருந்தியது பார். 1639 நவம்பர் 3ஆம் தேதி அவர் இறந்தார். அவர் சவப்பெட்டியைப் பெரிய பெரிய ஆட்கள் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். 1837இல், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோதுகூடப் பெருவில் அடிமைகளை வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1854இல்தான் அது ஒழிந்தது. அதே காலத்தில்தானே வெள்ளைக்காரன் அடிமைகளை விட்டுவிட்டு நம் ஆட்களை ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேற்ற ஆரம்பித்தான்? நீதான் வகுப்பெடுப்பாய், மலாயாவில் ஒப்பந்தக் கூலி 1910இல் நின்றது, கங்காணி முறை 1938 வரை நீடித்தது என்று. புனிதர் பட்டம் வந்தது 1962இல், 23ஆம் ஜான் பாப்பரசர் கையால். இறந்து 322 வருஷத்துக்கும் மேல் கழித்து! சுரூபம் நம் கோயிலுக்கு வந்தது அதற்குக் கொஞ்சம் பிறகு என்று அம்மா சொல்வார். மற்ற சாமியெல்லாம் வெள்ளையாக இருக்க, இவரைப் பார்த்ததும் லயத்துப் பொம்பளைகள், "நம்ம சாதிசனம் ஒருத்தர் வந்துட்டாரு" என்று சிரித்தார்களாம்.

இப்போது முக்கியமான சங்கதி. இதற்காகத்தான் வாட்ஸ்ஆப்பில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேன்.

நேற்று அவர் திருநாள். காலையில் பூசைக்குப் போய்வந்து, ஈரத்துணியால் சுரூபத்தைத் துடைத்தேன். முகம், ஜெபமாலை, அங்கி மடிப்பு எல்லாம் சுண்ணச்சாந்து. கையிலிருக்கும் துடைப்பம் அப்படியில்லை. மேலே வார்னிஷ் பூசிப் பூசிப் பழுப்பேறிப் போயிருந்ததால் நமக்குத் தெரியவே இல்லை. உண்மையான தென்னை ஈர்க்கு! விரல் நீளத்துக்கு வெட்டி அடுக்கியது. முதலில் இருந்தது எப்போதோ உடைந்திருக்கிறது, யாரோ புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஈர்க்கை அப்படிச் சீவத் தெரிந்தவர் அம்மாதான், அது எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஆனால் அதைக் கையோடு சேர்த்துக் கட்டியது கயிறில்லை. பேண்டேஜ் துணி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் துணியை ஒருதரம் மடித்துத் திருப்பியிருக்கிறது, மடிப்பெல்லாம் ஒரே வரிசையில் மீன்முள் மாதிரி இறங்குகிறது. நுனியை இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போட்டு, முடிச்சு குத்தாமலிருக்க உள்ளே செருகியிருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் மருந்துக் கறை. ஆஸ்பத்திரிப் பின்கட்டில் வாழைத்தண்டை வைத்து உனக்கும் எனக்கும் இதே கட்டைத்தான் உங்கப்பா சொல்லிக் கொடுத்தார், "மடிப்பு மேல மடிப்பு உட்காரணும்டா" என்று பிரம்பால் தட்டித் தட்டி. எனக்கு அது வரவே இல்லை, உனக்கு வந்தது.

உங்கப்பா நம் கோயில் படி ஏறி நான் பார்த்ததில்லை. அம்மாவும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ அன்றைக்கு அந்தத் துடைப்பத்தைக் காட்டிப் பேசியபோது அந்தக் கட்டு அங்கே இருந்ததா, அதற்குப் பிறகு போட்டதா, தெரியவில்லை.

நான் அவிழ்க்கவில்லை. துணி ஒரு பக்கம் இற்றுப்போய் நூல் பிரிகிறது, விட்டால் துடைப்பம் கழன்று விழுந்துவிடும். டவுனில் சுரூபத்துக்கு வர்ணம் பூசுகிற ஒருவர் கம்பி வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிள்ளானிலிருந்து ரயில் ஏறினால் பாரிட் புந்தாரில் இறங்கலாம், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். தங்கச்சிக்குக் கண் ஆறட்டும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தால் போதும். உன் கண்ணால் பார்த்து, அது உங்கப்பா கட்டுத்தானா என்று சொல். வரும்போது இரண்டு அங்குல பேண்டேஜ் ஒரு ரோல் வாங்கி வா, இழுபடுகிற ரகம் வேண்டாம், பழைய காடாத்துணி ரகம்.

உன்,
சம்மனசு