பழம் காத்திருக்காது

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லாரும் நலம். காய்கறி, பழக் கொள்முதல் பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னதும் எனக்கு 2020-தான் ஞாபகம் வந்தது. "இங்க காய் கிடைக்கல, நீங்க ஏம்ப்பா பழத்தை உழுது போடுறீங்க?" என்று போனில் அழுதாய். அன்றைக்கு இருந்த மனநிலையில் விளக்க முடியவில்லை. இப்போது சொல்கிறேன், உன் வேலைக்கும் உதவும்.

திண்டிவனம் பக்கம் தர்பூசணிக்கு மார்ச், ஏப்ரல்தான் உயிர். சரியாக மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு. நிலத்துக்கே வந்து அட்வான்ஸ் கொடுத்துப் போன வியாபாரி வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சரக்கு வண்டிக்கு அரசு அனுமதி கொடுத்ததுதான். ஆனால் டிரைவருக்கு வழியில் ஒரு டீக்கடை கிடையாது, பஞ்சர் ஒட்ட ஆள் கிடையாது, ஏற்றி இறக்க லோடுமேன் கிடையாது. அதைவிட, வாங்குகிறவன் எங்கே? வெயிலில் போகிறவன் ரோட்டோரம் நின்று ஒரு கீற்று வாங்கித் தின்றால்தான் நமக்கு வியாபாரம். ரோட்டில் ஆளே இல்லையே.

முற்றிய பழத்தைக் கொடியில் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? பிளந்தால் சதை நூல் நூலாகப் பிரியும், விதையைச் சுற்றிப் புளித்த வாடை வரும். சிலது வெயிலில் தானாகவே வெடித்தது. மாடுகளும் ஓரளவுக்கு மேல் தொடவில்லை. அப்புறம்தான் டிராக்டரை விட்டோம்.

அதே ஏப்ரலில் ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைத்தது. கிடங்கில் முன்பே இருந்த நெல்லும் அரிசியும் கெடாது, அதனால் முடிந்தது. அமெரிக்காவில் பாலைக் கீழே ஊற்றுகிற வீடியோவை நீதானே அனுப்பினாய்? அங்கேயும் பள்ளிக்கூடமும் ஓட்டலும் மூடிக் கிடந்தன. அவற்றுக்காகப் பெரிய அளவில் அடைத்துக்கொண்டிருந்த ஆலைகளால், வீட்டுக்குப் போகிற சின்ன டப்பாவுக்கு உடனே மாற முடியவில்லை. ஒரு வாசலை நம்பி வந்த சரக்கு இன்னொரு வாசல் வழியாகப் போகவில்லை.

மே மாதம் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டும் மூடியது. தொற்று பரவியதால் மூடியது சரிதான். காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போய், செப்டம்பர் 28-இல்தான் திரும்பி வந்தது. இத்தனை மாவட்டத்து விளைச்சலும் ஒரே மார்க்கெட்டை நம்பி இருந்தது எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன் பாப்பா. ஒப்பந்தம் போடும்போது, வண்டி நின்றுபோனால் சரக்கை வேறு யார் எடுப்பார்கள் என்பதையும் எழுதி வை. அறுவடையைத் தள்ளிப்போட முடியாத பயிர்க்காரனிடம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லாதே. அப்புறம், கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கிற மாதிரி, தர்பூசணியைச் சாறாக்க எடுத்துக்கொள்கிற ஆலை எதையாவது உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா? விசாரித்துச் சொல். விதை ஊன்றும் முன்பே தெரிந்தால், எவ்வளவு நிலத்தில் போடலாம் என்று பக்கத்து நிலத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா