காய்ச்சல் வந்தால் உன் ஜெல் என்ன செய்யும்?

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள பாப்பு,

நீ அனுப்பிய உன் ஆராய்ச்சி ஜெல்லின் படங்களைப் பெரிது பண்ணிப் பார்த்துவிட்டு அப்பா, "வெறும் ஜெல்லி மாதிரி இருக்கே" என்றார். நான்தான் விளக்கினேன். ஐசோப்ரோப்பைல் அக்ரிலமைடு பாலிமர், அதாவது மோனோமர் என்ற சின்ன மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி, சுமார் 32 டிகிரி வரைக்கும் தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும். அதைத் தாண்டினால் சுருங்கும். தண்ணீரோடு உள்ளே வைத்த மருந்தும் வெளியே வரும். உடம்புச் சூடே 37 என்பதால், தண்ணீர் பிடிக்கும் இன்னொரு மோனோமரைக் கலந்து அந்த வரம்பை 40-க்கு ஏற்றியிருக்கிறீர்கள். புற்றுநோய்க் கட்டிக்குப் பக்கத்தில் ஊசியால் போட்டு, வெளியிலிருந்து சூடு கொடுத்தால் அங்கே மட்டும் மருந்து இறங்கும். சரிதானே?

அப்படியானால், நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? இங்கே மழைக்காலம் வந்தாலே மலேரியாவும் வந்துவிடும். அதில் 40 டிகிரி சாதாரணம். கீமோ எடுப்பவர்களுக்கு வெள்ளணு குறைந்து காய்ச்சல் அடிப்பதும் உண்டு. யாரும் சூடு கொடுக்காமலேயே உன் ஜெல் சுருங்கிவிடாதா?

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. ரிடையர் ஆகும்வரை மாத்திரைக் கம்பெனியில் தரம் சோதிக்கும் க்யூசி லேபில் நின்றவள், வேறு எதைக் கேட்பேன்? வரம்பு வைத்த பாலிமர் எனக்குப் புதிதில்லை. மாத்திரை இரைப்பையில் கரையாமல் குடலில் கரையப் பூசும் என்டெரிக் கோட்டிங்கும் அதே சங்கதிதான். மெத்தாக்ரிலிக் அமிலப் பாலிமர் இரைப்பை அமிலத்தில் கரையாது. குடலில் அமிலம் குறைந்ததும் சங்கிலிகளில் மின்சுமை ஏறி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரையும். ஆறு மாத்திரையைக் கூடையில் போட்டு, 37 டிகிரியில் 2 மணி நேரம் அமிலத்தில் ஏற்றி இறக்குவோம். எடுத்து, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம். அப்புறம் குடல் மாதிரி பி.எச். (அமில அளவு; எண் ஏற ஏற அமிலம் குறைவு) 6.8 வைத்த பஃபர் கரைசலில் ஒரு மணி நேரத்துக்குள் கரைய வேண்டும்.

லேபில் எல்லாம் பாஸ் ஆகும். ஆனால் பெருங்குடல் புண்ணுக்குக் கொடுக்கும் மெசலமைன் மாத்திரையில் சில வகை, பி.எச். 7 தாண்டினால்தான் கரையும். சிலருக்குக் குடலில் அந்த 7 வருவதே இல்லை. மாத்திரை முழுசாக மலத்தில் வந்துவிடும். பாலிமர் மேல் தப்பில்லை, அந்த 7 எல்லாருக்கும் வரும் என்று நம்பியதுதான் தப்பு.

எதிர்வீட்டு மாமி இன்னும் ஒரு படி மேலே. மாமாவுக்கு விழுங்க முடியவில்லை என்று இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோல் மாத்திரையை அம்மியில் நுணுக்கித் தயிர் சாதத்தில் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கோட்டிங் போனால் மருந்தை இரைப்பை அமிலமே தின்றுவிடும் என்று சொன்னதற்கு, "அதான் கேட்கவே மாட்டேங்கறதா?" என்றாள். இப்போது டாக்டரிடம் கேட்டு வேறு மருந்து வாங்குகிறார்கள்.

அதனால் 37, 40 என்று இரண்டு புள்ளியோடு நிறுத்தாதே. 38, 38.5, 39 ஒவ்வொன்றிலும் ஒரு நாள் முழுக்க வைத்து எவ்வளவு கசிகிறது என்று பார். வெறும் பஃபரில் வேண்டாம், ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரத்தில் செய். உப்பும் புரதமும் சேர்ந்தால் வரம்பு நகரும். கைடு சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. அந்த ஐசோப்ரோப்பைல் அக்ரிலமைடு மோனோமர் நரம்புக்கு ஆகாத அக்ரிலமைடு குடும்பம். கையுறை போடுவாய், தெரியும். ஜெல்லைக் கழுவிய பிறகு மோனோமர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எதில் அளக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்த எண்ணைச் சொல்.

அன்புடன்,
அம்மா